அரை மதிப்பெண்

ஆடியில் அவளைக் கீழே விட்டவள் நான்தான்.
வலது கணுக்கால் என் பொறுப்பு,
இடது கால் நஸ்ரினுக்கு.
ஈரப் புல், ஈரக் கை,
ஒரு தும்மல்.
தும்மியது நான்.

பெனிட்டாவின் மணிக்கட்டில் மாவுக்கட்டு.
வகுப்பே அதில் பெயர் எழுதியது:
ஒரு மீன், இரண்டு இதயம்,
யாரோ கணக்குச் சூத்திரம்கூட.
நான் பேனா மூடியைத்
திறந்து திறந்து மூடினேன்.

கட்டுப் பிரித்து வந்தபின்
எல்லாம் செய்தாள்,
கைதட்டல், குதி, சுழற்சி.
தூக்கும் எண்ணிக்கை வரும்போது மட்டும்
ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும்.
ஒரே வாரத்தில் பதினோரு முறை.
அவள் குனிந்து முடிச்சுப் போடுவதைப்
பார்த்துக்கொண்டு நிற்பது
எங்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

கோத்தகிரியில் மைதானம் என்பது
மலையிடம் கெஞ்சி வாங்கிய மேசை.
மூன்று பக்கம் தேயிலை,
நாலாவது பக்கம் ஒன்றுமில்லை.
பந்து அங்கே போனால் புதுப் பந்துதான்.
அந்த ஓரத்தில் நின்றுகொண்டு ஒருத்தியிடம்
"உயரம்தானே, என்ன பயம்?" என்று கேட்கலாமா?
கேட்டோம்.
"கண்ணை மூடிக்கோ" என்றாள் ஹம்சவேணி.
"கீழ மட்டும் பார்க்காதே" என்றார் பி.டி. மிஸ்,
விசிலை வாயிலிருந்து எடுக்காமலே.

பஸ்ஸுக்கு நிற்கையில் ஒரு நாள்
ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:
"உயரத்துக்கு யாரு பயந்தா?
எங்க வீடே ஆறாயிரம் அடியில இருக்கு.
அதுக்கு மேல ஒரு அஞ்சடி, அவ்ளோதானே.
நீ காலைப் பிடிக்கிறப்ப
உன் கை நடுங்குது.
அது எனக்கு முழங்கால் வரைக்கும் கேட்குது."

எனக்கே தெரியாது அது.
அன்று இரவு அப்பாவின் கேரட் மூட்டையை
இருபது முறை தூக்கி வைத்தேன்.
மூட்டை ஒன்றும் சொல்லவில்லை.
மூட்டைக்கு என்ன தெரியும்.

மறுநாள் போய்க் கேட்டேன்:
"நீங்க என்னைத் தூக்குங்கடி."
நாற்பத்தேழு கிலோ. முனகினார்கள்.
பெனிட்டா என் வலது காலுக்கு வந்தாள்,
கேட்காமலே.
மேலே போனதும் மலை தெரியவில்லை,
மரம் தெரியவில்லை.
அவள் வகிடு தெரிந்தது,
அதில் சிக்கிய ஒரு சில்வர் ஓக் சருகு,
கடித்த பல், சிவந்த காது.
"இறக்குங்கடி!" என்று நான் போட்ட கூச்சலில்
வாட்ச்மேன் ஓடி வந்தார்.
ஆடிக்குப் பிறகு அன்றுதான்
அவள் சிரித்துப் பார்த்தேன்.

அதன்பின் ஒரே ஒரு சட்டம்.
அவள் "இறக்கு" என்றால் இறக்க வேண்டும்.
ஏன் என்று கேட்கக் கூடாது,
உச்சுக் கொட்டக் கூடாது,
பால் கேனை இறக்குகிற மாதிரி
சிந்தாமல்.
முழங்கால் உயரத்தில் நாலு முறை இறக்கச் சொன்னாள்,
இடுப்பளவில் ஆறு.
தோள் வரை வந்த அன்று பனிமூட்டம்.
தரை தெரியாது, நல்லதுதானே என்று நினைத்தோம்.
"உங்க மூஞ்சி தெரியல, இறக்கு."
இறக்கினோம்.
பனி விலகக் காத்திருந்தோம்.
நஸ்ரின் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.
பாதி இட்லியில் அவள் கேட்டாள்:
"நான் கீழ பார்த்துக்கிட்டே நிக்கட்டுமா?"

குன்னூரில் போட்டி.
சட்டை எல்லாம் புதுசு,
என் கை பழைய கைதான்.
ஐந்து, ஆறு, ஏழு,
எட்டில் அவள் மேலே.
நடுக்கம் இருந்தது,
அவளுடையதா என்னுடையதா தெரியவில்லை.
இரண்டும் ஒரே கணுக்காலில் கலந்து
எப்படியோ அசையாமல் நின்றன.

நாலு விநாடி.
கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடம் அது.
அவள் குனிந்து
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
புருவம் சுருக்கி,
பரீட்சையில் கேள்வியைப் படிப்பவள் போல.

நடுவர் எழுதியிருந்தார்:
பார்வையாளரை நோக்கவில்லை, அரை மதிப்பெண் குறைவு.
மூன்றாம் இடம் அந்த அரையில்தான் போனது.
ஹம்சவேணி ஒரு வாரம் பேசவில்லை.

எனக்குத் தும்மல் வந்ததும்
அன்றுதான்.
இறங்கி, தரையில் இரண்டு காலும் ஊன்றிய பிறகு
அவள்தான் சொன்னாள்:
"இப்ப தும்மு."