வெட்டுக்கோடு

ஹெலினாவில் பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
உப்புத் தூவிய தெருவில் ஒரு நாய்
கால் மாற்றி மாற்றி நிற்கிறது.
உள்ளே இருநூற்றுப் பதினான்கு விண்ணப்பங்கள்.
பணம் முப்பத்தொன்றுக்குத்தான்.

விபத்துக்கு முப்பது மதிப்பெண், போக்குவரத்துக்கு இருபத்தைந்து,
சரக்குக்கு இருபது, செலவுக்கேற்ற பலனுக்குப் பதினைந்து.
மிச்சமுள்ள பத்துக்கு 'இதர' என்று பெயர்.
தொலைபேசியில் வருகிற செனட்டர்கள்
நேராக அங்கேதான் வந்து உட்காருவார்கள்.

வரிசை எண் நூற்று எழுபது: சால்ட்டர் ஓடை வளைவு.
ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை.
கடைசியாக அங்கே ஆள் இறந்து
ஐந்து வருடமும் பதினோரு நாளும் ஆகின்றன.
எங்கள் கணக்கு ஐந்து வருடத்துக்கு.
மனிதன் வெறும் எண்ணாகிவிடுகிறான் என்று
வருத்தப்படுகிறவர்கள் உண்டு.
இவன் எண்ணாகவும் இல்லாமல் போனான்,
பதினோரே நாளில்.

பொது விசாரணைக்கு டெல்லா ஹாக்ஸ்ட்ரா
பனியில் ஐந்து மணி நேரம் ஓட்டி வந்தார்.
பேச மூன்று நிமிடம்.
இரண்டைத் தன் பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குக் கொடுத்தார்.
ஆர்வல் ட்வெய்ட். பெரிய காது, இஸ்திரி போட்ட சட்டை,
கக்கத்தில் ஒரு செருப்புப் பெட்டி.
பெட்டிக்குள் தானியக் கிடங்கு ரசீதுகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி, நேரம்,
நூலிழையில் தப்பியது எதிலிருந்து என்று ஒரு வரி.
நானூற்றுப் பன்னிரண்டு நூலிழைகள்.

தலைவர் கனிவாகத்தான் சொன்னார்:
"நடக்காத விபத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லையே."
"நடக்காமல் பார்த்துக்கொண்டேனே, அதற்கு?"
மஞ்சள் விளக்கு.
அவர் ரசீதுகளை அடுக்கத் தொடங்கினார்.
அடுக்கி முடிப்பதற்குள் சிவப்பு.

போக்குவரத்திலும் அவர்களுக்கு அடி.
ஒரு நாளைக்கு முந்நூற்று நாற்பது வண்டி.
பாதிப் பேர் அந்த வளைவுக்குப் பயந்து
இருபத்தேழு மைல் சுற்றிப் போகிறார்கள்.
போகிறவர்கள் ஊர்ந்து போகிறார்கள், அதனால் சாவதில்லை.
பயம் உயிரைக் காப்பாற்றியது,
மதிப்பெண்ணைத் தின்றது.

முதலிடம் வந்த பெருநகரச் சந்திப்பைத் திட்டலாம் என்று பார்த்தேன்.
அங்கேயும் நிஜமாகத்தான் சாகிறார்கள்.
அதுதான் கஷ்டம்.

முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில்
தடித்த கறுப்புக் கோடு.
மவுஸை ஒருமுறை அழுத்தினால் விழுந்துவிடும்.
இடைவெளி பூஜ்யம் புள்ளி இரண்டு.
வளைவு முப்பத்தெட்டில் நின்றது.
நான் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

ஜூனில், அடுத்த சுற்றுக்கு வண்டி எண்ணும் ரப்பர் குழாயை
அந்தச் சாலையின் குறுக்கே போட்டிருந்தோம்.
சரியாக வேலை செய்கிறதா பார்க்கப் போனேன்.
ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்ட நேரம்.
எதிரே ஒரு பீட்ரூட் லாரி, காலியாக.
ஜூனில் ஏது அறுவடை?
பின்னால் குதிரை இல்லாத குதிரை வண்டிப்பெட்டியை
இழுத்துக்கொண்டு ஒரு பெண்.
லூதரன் சபையின் வேன்.
சிவப்பு பிக்கப் ஒன்று.
பிறகு லாரி, மறுபடியும். வேன், மறுபடியும்.
சிவப்பு பிக்கப்பை நான்கு முறை எண்ணினேன்.
எல்லோரும் இருபது மைல் வேகத்தில்,
கல்யாண ஊர்வலம் மாதிரி பொறுமையாக.
கடந்துபோகும்போது ஒவ்வொருவரும்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்கள்,
அந்த ஊர் வணக்கம்.
காலியான பள்ளிப் பேருந்தில் பெரிய காதுக்காரரும்.

என் கதவில் துறையின் முத்திரை இருந்தது.
யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

குழாய்க்கு ஆள் தெரியாது.
இரண்டு அச்சு ஏறினால் ஒரு வண்டி, அவ்வளவுதான்.
தெற்கே போக வேண்டிய நான்
வடக்கே இரண்டு மைல் போய்த் திரும்பி வந்தேன்.
கருவியைச் சோதித்ததாகப்
பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.
எத்தனை முறை என்பதற்குக் கட்டம் இல்லை.