குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்

ஓஸ்மோ கோடு போட்டு ஒட்டிய தாள்:
நேரம், இடம், ஒன்றா இரண்டா, குறிப்பு.
காகித ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவன்.
எதையும் கட்டம் கட்டித்தான் யோசிப்பான்.
நான் பகலில், பல் மருத்துவமனை வரவேற்பில்.
காலையில் வாசலில்
அவன் பூட்ஸைக் கழற்ற, நான் மாட்டுவேன்.
மாலை நான் திரும்பும்போது
போர்வைக்கு வெளியே
அவன் ஒரு காது மட்டும் தெரியும்.

நாய்க்குட்டியின் பெயர் பூரோ.
எங்கள் மொழியில் கஞ்சி. நிறம் அப்படி.
வந்த அன்றே கூடம் முழுக்க வடித்தது.

திங்கள் 03.10. கம்பளம். ஒன்று.
குறிப்பு: எழுந்தேன், இரண்டு நிமிடம் தாமதம்.
திங்கள் 07.40. உன் இடது செருப்பு. இரண்டு.
குறிப்பு: இல்லை.
செவ்வாய் 19.05. வெளியே இருபது நிமிடம். ஒன்றுமில்லை.
19.26. மிதியடி.

மைனஸ் பத்தொன்பது.
அதைக் குறை சொல்வதற்கில்லை.
இந்தக் குளிரில் குந்த எனக்கும் மனம் வராது.
பிர்ச் மரத்தடியில் ஒரு பாதம் தூக்கும்,
பிறகு இன்னொன்று, பிறகு
நாலையும் சேர்த்துத் தூக்க வழியில்லையா என்று
என்னைப் பார்க்கும்.

குட்டியைக் கொடுத்தவள் சொன்னாள்:
செய்தித்தாளை விரி,
தினம் ஒரு சாண் கதவுப் பக்கம் நகர்த்து.
தாளுக்கு எங்கே போவது?
டன் டன்னாகத் தாள் செய்பவன் வீட்டில்
செய்தியெல்லாம் கைபேசியில்.
கீழ்வீட்டு ஹக்கரைனென் ஒரு கட்டு கொண்டுவந்தார்.
"மரண அறிவிப்புப் பக்கங்களை உருவிவிட்டேன்,
தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்" என்றார்.
வானிலைப் பக்கத்தில் பூரோ பெய்தது.
வடக்கில் பரவலாக, சில இடங்களில் கனமாக.

எந்த நாளில் என்று சொல்ல முடியவில்லை,
குறிப்புக் கட்டம் தடம் மாறியது.

புதன் 18.20. சோபா கால். ஒன்று.
குறிப்பு: தூக்கத்தில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டாய்.

வியாழன் 11.15. அதே சோபா கால். ஒன்று.
குறிப்பு: பெயர் சொன்னேனா?

வியாழன் 18.50. மிதியடி. ஒன்று.
குறிப்பு: சொல்லவில்லை.

வெள்ளி 11.30. சமையலறை. ஒன்று, இரண்டு.
குறிப்பு: உன்னிடம்தான் இர்மெலி.

அன்று மாலை
வினிகரில் துணியை முக்கி
சோபா காலைத் துடைத்தேன். இரண்டு தரம். மூன்றாம் தரம்.
கண்ணுக்குக் கறை போனால் போதாதாம்,
வாசனை மிச்சமிருந்தால்
அதே இடத்துக்குத்தான் திரும்ப வருமாம்.
உள்ளே அவன் குறட்டை நின்று, மறுபடி தொடங்கியது.
பேனாவை எடுத்தேன்.
அந்த வேளையில் பூரோ எங்கும் போயிருக்கவில்லை.
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சனி, விடியாத நாலு மணி.
இரவு உடைமேல் அவன் பழைய கோட்டு.
மாடிப்படி முழுக்கக் குட்டியை மார்பில் அணைத்து
"பொறு பொறு பொறு" என்று இறங்கி
பனியில் விட்டேன்.
மோந்தது. சுற்றியது.
தும்மியது.
பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல் குந்தியது.
ஆவி எழும்பியது.
வெள்ளையில் ஒரு மஞ்சள் துளை,
ஊசியால் குத்தியதுபோல் ஆழமாய்.

கை தட்டினேன். கையுறையில் சத்தமே வரவில்லை.
அதனால் கத்தினேன்.
கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.
சன்னல் ஒரு விரற்கடை திறந்தது.
"போய்விட்டதா?"
"போய்விட்டது!"
"சரி" என்று ஹக்கரைனென் சன்னலைச் சாத்தினார்.

மேலே வந்து எழுதியபோது
விரல்கள் மரத்து எழுத்து கோணியது.
04.02. வெளியே. ஒன்று.
குறிப்பில் வெகுநேரம் பேனா நின்றது.
கடைசியில்:
இன்று எனக்கு விடுமுறை. தூங்காமல் இரு.

ஆறரைக்கு வந்தான்,
குல்லாவில் பனியோடு.
பூட்ஸைக் கழற்றாமல் நேரே குளிர்பெட்டிக்குப் போய்
கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல்,
கண்ணைச் சுருக்கிப் படித்தான்.
படித்த இடத்திலேயே நின்றான்.

அவனைக் கண்ட சந்தோஷத்தில்
வால் உடம்பையே ஆட்ட
ஓடிவந்த பூரோ
அவன் பூட்ஸின்மேல்
கடைசிச் சொட்டுவரை பெய்தது.

அதை இருவருமே
தாளில் ஏற்றவில்லை.