நீச்சல் வகுப்பு

எங்கள் முகாமின் பெயர் தாக்லா.
கடலோரத்தில் இருக்கும் ஓர் ஊரின் பெயரை
ஒரு கல்வெளிக்கு வைத்திருக்கிறோம்.
அசல் தாக்லாவுக்கு மேற்கே பல நாள் நடை.
நடுவில் மணல் மதில்,
அதன் காலடியில் கண்ணிவெடி.

நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்.
புதன்கிழமை நான்காம் தெருவின் முறை.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வண்டியைத் திருப்பும்போது
முதல்முறை பார்த்தேன்:
பன்னிரண்டு பிள்ளைகள் குப்புறக் கிடந்தார்கள்,
வயிற்றுக்கடியில் காலி மாவுச் சாக்கு.
கை மாற்றிக் கை மணலை வாரிப் பின்னே தள்ள,
மெல்ஃபா முனையை இடுப்பில் செருகிக்கொண்டு
ஸுவேல்மா கத்திக்கொண்டிருந்தாள்:
"தலையைத் திருப்பி மூச்சு! திருப்பி!
நேரே வாயைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும்."

வந்தது மணல்தான். துப்பினார்கள்.

பைத்தியமா என்றேன்.
கணக்கு டீச்சர் அவள்; பதிலும் கணக்காகவே வந்தது.
"நம் கரை ஆயிரம் கிலோமீட்டர்.
திரும்பிப் போகிற அன்று
இதுகள் முதலில் எங்கே ஓடும்?
ஐம்பது வருஷம் காத்திருந்தது
முதல் நாளே மூழ்கிச் சாகவா?"

உனக்கு நீந்தத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.
அவள் பிறந்ததும் இங்கேதான், என்னைப் போல.
கியூபாவில் படித்துவந்த மருந்துக்கடைக்காரர்
வரைந்து கொடுத்த படம் ஒன்று வைத்திருந்தாள்.
மடித்து மடித்து, மடிப்பில்
நீந்துகிறவனின் ஒரு கால் அழிந்திருந்தது.

கோடைக்கு ஸ்பெயின் போய்வந்த ஜத்ரி,
ஒன்பது வயது, புதுச் செருப்பு,
வரிசையில் படுக்க மறுத்தான்.
"தண்ணீர் இப்படி இருக்காது டீச்சர்.
பிடித்தால் நழுவும். சும்மா இருந்தால் தூக்கும்."
தூக்குமா?
பென்சில் தேடி, படத்தின் ஓரத்தில்
எழுதிக்கொண்டாள்: தூக்கும்.

அக்டோபரில் மழை பிடித்தது.
ஒரு வாரம் விடவில்லை.
தேநீரில் போட்ட சர்க்கரைக் கட்டிபோல
வீடுகள் மூலையிலிருந்து கரைந்தன.
சிமெண்டில் கட்டியிருக்கலாம்தான்.
சிமெண்ட் என்றால்
இங்கேயே இருந்துவிடுகிறோம் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி;
யாருக்கும் மனம் வரவில்லை.
லிட்டர் லிட்டராய் அளந்து ஊற்றியே நரைத்தவன் நான்.
அன்று அளவே இல்லை, ஒரு வாய் குடிக்கவும் முடியவில்லை.
ரேஷன் அரிசியும் பள்ளிப் பதிவேடும்
ஓர் ஆட்டுக்குட்டியும் மிதந்து போயின.
முழங்கால் தண்ணீரில்
நீந்துவது எப்படி என்று எவருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் வெயில்.
பள்ளிக்குப் பின்புறப் பள்ளத்தில்
பழுப்பாக ஒரு குட்டை நின்றது.
சுவர் விழுந்த வீட்டைப் போட்டுவிட்டு
ஸுவேல்மா அதற்குள் இடுப்பளவில் நின்றாள்.
முதுகுக்கடியில் இரண்டு கையும் கொடுத்து
ஜத்ரி சொல்லிக்கொண்டிருந்தான்,
"காதை நனைய விடுங்க. பயப்படாதீங்க."
கையை எடுத்துவிட்டான். அவளிடம் சொல்லவில்லை.
மெல்ஃபா நான்கு பக்கமும் விரிந்து கிடந்தது.
பதினொன்று வரை எண்ணினேன்.

எட்டு நாளில் குட்டை வற்றிவிட்டது.
அதற்குள் முகாமில்
பதினேழு பேர் மிதந்து பார்த்திருந்தோம்.
வீட்டை மறுபடியும் மண்ணில்தான் எழுப்புகிறோம்.
புதன்கிழமை வகுப்பு உண்டு;
சாக்குகளை வெயிலில் உலர்த்தியிருக்கிறாள்.
லாரியைத் திருப்பும்போது
ஹாரனை நீளமாக அடிக்கச் சொல்கிறாள்.
துறைமுகத்தில் கப்பல் அப்படித்தான் கத்துமாம்.
பிள்ளைகளுக்குப் பழகட்டுமாம்.