கவுண்டர் ஏழு, விடுப்பில்

சனிக்கிழமை காலை பத்தரை.
மெக்சிகோவில் வெள்ளி இரவு இன்னும் முடியவில்லை.
எனக்கு வயிற்றுப்போக்கு
என்று எழுதியிருக்கிறது, முத்திரையோடு.
நாற்பது வெள்ளி கட்டி வாங்கிய எம்.சி.
கைப்பைக்குள் சமத்தாகப் படுத்திருக்கிறது.

நான் தோ பாயோ காப்பிக் கடையில்.
கைப்பேசி சில்லி சாஸ் புட்டியில் சாய்ந்திருக்கிறது.
எதிரே பைசால், மருந்து கொடுக்கும் பிரிவு.
அவனுக்கும் அதே வயிறு.

ஆண்டு விழா.
நம்ம நாட்டைவிட வயசு அதிகம் என்கிறான்.
மற்ற வெள்ளிகளில் வெறும் சண்டை.
இன்றைக்குத் தோற்றவன் முகமூடியைக் கழற்ற வேண்டும்,
பெயரைச் சொல்ல வேண்டும்,
பிறகு ஆயுள் முழுக்க
அந்த முகத்தோடேயே கடைக்குப் போய்வர வேண்டும்.

சோம்ப்ரா தே சால். உப்பின் நிழல்.
வெள்ளை முகமூடி, கண்ணைச் சுற்றி நீலப் பின்னல்.
மூன்று வருடமாக நான் இவன் கட்சி.
வயது யாருக்கும் தெரியாது;
முழங்கால் சொல்கிறது, எனக்குக் கேட்கிறது.
எதிரி எல் கம்பனேரோ, மணியடிப்பவன்,
மூட்டுவலி இன்னும் குடிவராத உடம்பு.

முதல் சுற்று எங்களுக்கு.
இரண்டாவதில் அவன் மேல்கயிற்றில் ஏறி
நிலா பார்க்கிறவன்போல் பின்பக்கம் சாய்ந்து
சாய்ந்தபடியே வந்து விழுந்தான்.
பைசால் மேசையைக் குத்த, தே சி சிந்தியது.

அப்போதுதான் மிஸ்டர் கெக்.
கவுட். மாதம் தவறமாட்டார்.
கண்ணாடித் துளை வழியே ஆறு வருடமாக
"கவுண்டர் செவன், நீ சிரிக்கிறது கண்ணுலயே தெரியுது" என்பவர்.
மங்கையர்க்கரசி என்ற பெயர்
அட்டையில் இடம் போதாமல் மங்கையாகி
அவர் வாயில் எண்ணாகிவிட்டது.

நேராக என்னைப் பார்த்தார்.
இந்த நாற்காலிக்கு ஆள் உண்டா என்றார்.
இல்லை என்றேன்.
தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"உன்னைத் தெரியல!" பைசாலுக்குக் கொண்டாட்டம்.
எப்படித் தெரியும்?
அவர் பார்த்ததெல்லாம் முகக்கவசத்துக்கு மேலே.
பைசாலுக்கே நான் இரண்டு வருடம்
மனதுக்குள் மீசை வைத்திருந்தேன்.
ஒருநாள் சாப்பிடும்போது கவசத்தை இறக்கினான்.
மொழுமொழு என்று இருந்தது.
யாரோ ஏமாற்றிய மாதிரி அன்றைக்குக் கோபம் வந்தது.

தப்பித்தோம் என்ற நிம்மதி வந்தது.
அதோடு வேறு ஏதோ ஒன்றும்,
தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரைபோல.

மூன்றாம் சுற்று.
நடுவர் தரையைத் தட்டினார். ஒன்று. இரண்டு.
மூன்றை நான் பார்க்கவில்லை,
பைசால் முகத்தில் தெரிந்துகொண்டேன்.

பின்மண்டை நாடாவை ஒரு பையன் அவிழ்க்கிறான்,
மகனாக இருக்கலாம்.
முடிச்சு இறுகிப்போய்ப் பல்லால் இழுக்கிறான்.
தாடை தெரிந்தது. கீழுதடு.
அங்கே படம் நின்றுவிட்டது.
நடுவில் வட்டம் சுற்றியது, சுற்றியது.

குரல் மட்டும் வந்தது.
எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, வரிசை தெரியும்.
பெயர். ஊர். வயது.
கடைசியில், எத்தனை காலமாக.
நான் ஒரு நாளைக்கு நூற்றியிருபது பேரிடம் கேட்பது.
மூணு நாளா என்பார்கள், ஒரு வாரமா என்பார்கள்.
"இருபத்தேழு வருஷம்" என்றான் பைசால்,
எங்கேயோ கற்ற அரைகுறை மொழியில்.
என் விரல்கள் ஈர மேசையில்
அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தன.

நல்ல சண்டைக்கு அங்கே காசு வீசுவார்களாம்.
பைசால் ஒரு ஐம்பது காசை எறிந்தான்.
கைப்பேசியில் பட்டு, உருண்டு, கீழே போனது.
மேசை துடைக்கும் அக்கா குனிந்து எடுத்து
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து
தட்டோரம் வைத்துவிட்டுப் போனார்.

மிஸ்டர் கெக் கிளம்பினார், இடதுகாலை மெல்ல ஊன்றி.
பைசால் என் கையை அழுத்தினான், வேண்டாம் என்று.

"வீக்கம் வத்திடுச்சா, மிஸ்டர் கெக்?"

நின்றார்.
குரலை அடையாளம் கண்டு சிரிக்க ஆரம்பித்தவர்
பாதியில் நிறுத்தி
என் வாயை, தாடையை,
மீசை இல்லாத பைசாலை நான் பார்த்ததுபோல
பார்த்துக்கொண்டே இருந்தார்.