எட்டாம் இடம்

பதினெட்டு டன் நானூறு.
லாரி இறங்கிப் போன பிறகும் தராசு மேடை
பத்துக் கிலோவைப் பிடித்து வைத்திருக்கும்.
அடியில் எங்கோ துரு.
இருபத்திரண்டு வருஷமாக அதைக் கழித்தே எழுதுகிறேன்,
சுங்கை சிப்புட் செம்பனை ஆலையின்
தராசுக் கிராணி.

மூன்று வாரத்துக்கு ஒரு புதன், ஈப்போவில்,
என்னை நிறுக்கிறார்கள்.
நாற்பத்தாறு புள்ளி இரண்டு.
அதை வைத்துத்தான் மருந்தின் அளவு.

மருந்து சிவப்பு.
பாசார் மாலாமில் பையில் கட்டித் தரும் சிராப் தண்ணிதான்,
ஸ்ட்ரா மட்டும் என் கைக்குள் போகிறது.

இரும்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றாள்
மருந்தகத்துப் பெண் கோமளவல்லி.
ஆறு மாதமாக, தோட்டத்துக் கிளினிக்கில் கொடுத்தது.
பேனாவைக் கீழே வைத்தாள்.
டாக்டரைக் கேட்கும்வரை வேண்டாம்.
இந்த மருந்து உடம்பில் கிடக்கும் இரும்போடு சேர்ந்துகொள்ளும்,
சேர்ந்தால் ஆக்ஸிஜன் பொறியாய்த் தெறிக்கும்,
பொறி உயிரணுவின் நூலில் விழும்.
நூலில் நாலே எழுத்து.
குவானின் என்ற எழுத்தின் எட்டாம் இடத்தில்
ஓர் ஆக்ஸிஜன் ஒட்டிக்கொண்டால்
படிக்கிறவர் வேறு எழுத்தென்று படித்துவிடுவார்.

எனக்கா விளங்காது?
ஒரு மழை நாளில் மூன்றை எட்டென்று படித்தவள் நான்.
ஐந்து டன் காற்றுக்குக் கம்பெனி காசு கொடுத்தது.
ஏழு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள்.

மாசிலாமணி ஆலையில் வெல்டர்.
சட்டை முழுக்க ஊசித் துளை.
பொறி எங்கே விழும்னு எனக்கே தெரியாது, என்றார்,
பக்கத்துத் தகரமும் கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும்.
பக்கத்துத் தகரம்
என் இதயமாகவும் இருக்கலாம் என்று
கோமளவல்லி சொன்னதை
அவரிடம் நான் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொன்னாள்:
கெட்ட எழுத்தைத் தேடி, வெட்டி,
சரியானதை எழுதி வைக்கிறவர்கள் உள்ளேயே உண்டாம்.
ராத்திரி ஷிப்ட் கிராணிகள்.
கட்டிக்குள்ளும் இருக்கிறார்களா?
இருக்கிறார்கள் அக்கா.

அந்தக் கிராணிகள் தூங்கட்டும்.
மேசையில் தலை வைத்து, வாய் பிளந்து,
லாரி ஹாரன் கேட்டும் எழாமல் தூங்கட்டும்.
என்னுடையவர்களுக்கு
நான் கோப்பி கலக்கித் தருகிறேன்.

மாத்திரையைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்தாயிற்று.
காலி டப்பாவில் மாசிலாமணி போல்ட் போட்டு வைத்திருக்கிறார்.
எடுக்கும்போதெல்லாம் கிலுகிலுவென்கிறது.

வியாழன். முதல் லாரி.
பத்தைக் கழித்தேன்.
இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.