முப்பத்தேழாவது கை

நெல்லியடிச் சந்தியில் ஐந்தே முக்காலுக்கு
பஸ் நிற்காது, மெல்ல உருளும்.
"ஓடி ஏறத் தெரியாட்டி
உனக்கென்னத்துக்குப் பிள்ளை வெள்ளைக் கோட்டு?"
முதல் கிழமையே கேட்டுவிட்டான் கொண்டக்ரர்.
கோட்டு என் பையில் நான்காய் மடிந்திருந்தது,
கொலர் மட்டும் வெளியே.

வல்லைவெளியில் காற்று யன்னலால் புகுந்து
இரவு பாடமாக்கியதைக் கலைக்கும்:
சாம்பல் மூடி சீனிக்கு, ஊதா மூடி எண்ணிக்கைக்கு,
சிவப்பு
சிவப்பு எதற்கு?
புத்தூரில் ஞாபகம் வரும்.
நீர்வேலியில் அவன் இறங்காமலே
கையை நீட்டி ஒரு சீப்புக் கதலி வாங்குவான்.
காசு பிறகு. தோல் வீதிக்கு.

எட்டாம் நம்பர் அறையில் மூன்று கதிரை.
ஒன்றில் நான். அடுத்ததில் ஹிருணி,
குருநாகலில் இருந்து வந்தவள்,
தமிழில் முழுசாய்த் தெரிந்த வசனம் இரண்டு:
"கையைப் பொத்துங்கோ." "இப்ப விடுங்கோ."
அவள் சொன்ன விதத்தில்
குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவர்
ஊசி ஏறியது தெரியாமல் சிரித்தார்.
நான் பிழையில்லாத தமிழில் சொல்கிறேன்,
என் ஆட்கள் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள்.

லொக் புத்தகத்தில் ஐம்பது கோடு.
ஐம்பது கை. ஒவ்வொன்றுக்கும்
மிஸ் பெனடிக்ராவின் கையெழுத்து,
அதுவும் அவ ரீ குடித்து முடிந்தபின் கேட்டால்.
இருபத்திரண்டாவது கை ஒரு ரீச்சருடையது.
இரண்டு தரம் குத்தினேன்.
பிழைத்த வீட்டுப்பாடத்தைப் பார்ப்பதுபோல்
தன் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தா.

முப்பத்தேழாவது கை நீண்டபோது
மணிக்கட்டில் றப்பர் வளையம்,
விரல் நுனியில் ரிக்கற் புத்தக மை.
நிமிர்ந்தேன்.
மூன்று மாதமாய் மிச்சக் காசு தந்தவனுக்குப் பேர்
தவநேசன், வயது நாற்பத்தாறு.
கோட்டும் மாஸ்க்கும் போட்டால் நான் யாரோ.
"சாப்பிட்டனீங்களோ?"
"சாப்பாடோ? இல்லை மிஸ், வெறும் வயிறு."

மிஸ் என்றான்.
அதனாலோ என்னவோ
நீர்வேலியை நான் சொல்லவில்லை.
பின்னால் வரிசையில் நாற்பது பேர்.
எட்டரைக்கு அவன் பஸ் திரும்பவேணும்.
நல்ல நரம்பு. ஒரே குத்து.
சாம்பல் மூடி.

பதினொன்றுக்கு மெஷின் துப்பியது: இருநூற்றுப் பதினாறு.
"புது ஆள்போல, பாவம்" என்று
மிஸ் பெனடிக்ரா பேனையை எடுத்தா.
"கதலி" என்றேன்.
"என்ன?"
"விடிய ரெண்டு கதலிப்பழம் சாப்பிட்டவர், மிஸ்.
நீர்வேலியில. நான் கண்டனான்."
கண்ணாடிக்கு மேலால் நெடுநேரம் பார்த்தா.
"கண்டனியெண்டா, குத்த முதல் சொல்லியிருக்கலாமே."
படிவத்தில் 'மீண்டும் எடுக்கவும்' என்று எழுதினா.
முப்பத்தேழுக்குக் கையெழுத்து வைத்தா,
பிறகு அதை வெட்டினா.

வியாழன். அதே பஸ். நிற்க மட்டும் இடம்.
"இன்னொருக்கா வரட்டாம் பிள்ளை.
நாசமாய்ப் போவார், ஒரு நாள் உழைப்பு.
நீ அங்கதானே நிக்கிறனி, என்ன பிழையாம்?"
கம்பியைப் பிடித்த கை வியர்த்தது.
"தெரியேல்லை அண்ணை.
அண்டைக்கு ஒண்டும் சாப்பிடாமல் போங்கோ.
பழமும்."
"பழமும் ஒரு சாப்பாடோ!"
பஸ் முழுக்கக் கேட்கச் சிரித்தான்.
அப்போதுதான் விளங்கியது,
அவன் பொய் சொல்லியிருக்கவில்லை.

நீர்வேலி வந்தது. கை நீண்டது, சீப்பு வந்தது.
ஒன்றைப் பிய்த்தான், கொஞ்சம் யோசித்தான்,
என் பக்கம் நீட்டினான்.
"பிடி. நீயும் வெறும் வயித்தோடதானே ஓடி ஏறுறனி."

கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு.
தின்று முடித்தும் தோல் என் கையில்.
அவன்போல் வீதிக்கு எறிய வரவில்லை.
"ஆஸ்பத்திரி இறங்குற ஆக்கள்!"
பஸ் இன்றும் முழுதாய் நிற்கவில்லை, குதித்தேன்.
வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார்:
நான்காய் மடித்த கோட்டு,
லொக் புத்தகம், அதற்குள் வெட்டிய முப்பத்தேழு,
மேலே
ஒரு கதலித்தோல்.