ஒன்றுக்கு இருநூறு

லாங்கன்தால் தொழிற்பயிற்சி வளாகத்தின்
இரண்டாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு
வெள்ளை அட்டையில் மேசைமேல் நிற்கிறது.
கேக் பெட்டி திறக்கிற கவனத்தோடு
கூரையைத் தூக்கி உள்ளே காட்டுகிறார்
கட்டடக்கலைஞர் வூத்ரிக் அம்மா.

ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டு, ஒரு சிவப்பு.
வேண்டியதற்குப் பச்சை.
இரவு வகுப்புக்காரர் சார்பில் நான்.
கூட்டம் செவ்வாய் இரண்டு மணிக்கு,
செவ்வாய் எனக்கு லீவு.
அவ்வளவுதான் என் தகுதி.

வெல்டிங் ஆசிரியர் வந்தவுடனேயே
மூன்று பச்சையையும் புகைபோக்கியில் ஒட்டிவிட்டார்.
தச்சுக்கும் சமையலுக்கும்
வெயில் விழும் ஒரே மூலைக்குச் சண்டை.
மாகாணத்திலிருந்து வந்தவர்
பன்னிரண்டு வீதம் குறையுங்கள் என்றுவிட்டு
பிஸ்கட் எடுத்தார்.

முற்றத்தில் அரிசியளவில் ஆட்கள்.
ஒருவரிடமும் பை இல்லை.
ஒருவரும் ஓடவில்லை.

இதில் எப்போது இருட்டும், என்று கேட்டேன்.

என் டொச் பிழையென்று நினைத்து
திரும்பச் சொல்லச் சொன்னார்கள், அன்பாக.

ஆறேகாலுக்கு எங்களை விடுகிறது
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
ஆறேமுக்காலுக்கு வகுப்பு.
கன்டீன் நாலுக்கே பூட்டு.
பக்கக் கதவு ஆறுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும்,
புத்தியுள்ள கதவு.
செனாயித் கழிவறையில் நின்றபடி
வாழைப்பழம் தின்கிறாள்.
குழாய்வேலை படிக்கிற ஃபாத்மிர்
சைக்கிள் கொட்டகையில், நெற்றி விளக்கில்,
சூத்திரம் பாடமாக்குகிறான்.

இவ்வளவுக்கும் எனக்கு நாலு வாக்கியம்தான் வந்தது.
எங்கள் பாஷையில்
சொல்லாமலே கடைசியில் போய் உட்காருகிற வினைச்சொல்
அவர்கள் பாஷையில், அதுவும் போகவேண்டிய இடத்தில்,
நடுவழியில் நின்றுவிட்டது.

வூத்ரிக் அம்மா எழும்பிப் போய்
திரைச்சீலையை இழுத்தார். விளக்கை அணைத்தார்.
போன் வெளிச்சத்தை அட்டை நகரத்தின்மேல் பிடித்தார்.
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
கொட்டகையை மட்டும் வெளிச்சம் தொடவில்லை.

கூட்டக் குறிப்பு வெள்ளியன்று வந்தது:
முற்றத்துக்கு நாலு விளக்குக் கம்பம் கூடுதலாக.
கதவைப் பற்றி ஒன்றுமில்லை.

எனக்கு அடுத்த ஆனியில் பரீட்சை.
பாஸானால் அந்தக் கட்டடத்தில்
ஒருநாளும் இருக்கமாட்டேன்.
பெயிலானாலும்தான்.

என்றாலும், அன்று எல்லாரும் கோட்டு மாட்டுகையில்
முற்றத்து ஆட்களில் ஒருவரை நகத்தால் கிளப்பினேன்.
பசை விடவில்லை.
ஒரு கால் அங்கேயே நின்றுவிட்டது.
மிச்சத்தைப்
பக்கக் கதவு இருக்கவேண்டிய சுவரில்
சாய்த்துவைத்து,
பக்கத்தில் ஒட்டினேன்
மூன்று பச்சையும்.